சூடாகும் கடலும் கப்பலில் வரும் உயிர்களும்: நெல்லைக் கரையிலிருந்து ஒரு விளக்கம்

சில வருடங்களில் ஆவணி, புரட்டாசி வாக்கில் பாம்பன், மண்டபம் பக்கம் கடல் பச்சையாகிவிட்டது, மீன் செத்துக் கரை ஒதுங்குகிறது என்று செய்தி வரும். உடனே நம் பக்கம் உவரியிலும் கூத்தங்குழியிலும் மணப்பாட்டிலும் ஒரே கேள்வி: கடல் சூடாகி ஏதோ வெளிநாட்டுக் கிருமி வந்துவிட்டதாமே, மீன் வாங்கலாமா? நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குள் மூன்று தனித்தனி விஷயங்கள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. இங்கேயே இருக்கிற உயிர் திடீரென்று பெருகுவது ஒன்று. வேறு கடலிலிருந்து ஒன்று வந்து சேர்வது இன்னொன்று. வந்தது இங்கே பிழைத்து நிலைப்பது மூன்றாவது. கடலின் சூடு இந்த மூன்றிலும் வேலை செய்கிறது, ஆனால் ஒவ்வொன்றிலும் வேறு வேறு மாதிரி. இதைப் பிரித்துப் பார்க்காவிட்டால் பயப்பட வேண்டியதற்குப் பயப்படாமல், வேண்டாததற்குப் பயந்து மீன்காரர் பிழைப்பைக் கெடுப்போம்.

முதலில் அந்தப் பச்சை நிறம். அதற்குக் காரணம் நாக்டிலுகா என்ற ஒற்றைச் செல் உயிர். பாம்பன் பக்கத்து மீனவர்கள் பூங்கோரை என்பார்கள். கண்ணாடிப் பந்து மாதிரி இருக்கும் இதன் உடலுக்குள் இன்னும் சின்னதான பச்சைப் பாசி குடியிருக்கிறது, அதனால்தான் கடலுக்கு அந்த நிறம். ராத்திரியில் அலை உடையும்போது நீலமாக மின்னுவதும் இதுதான். 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் கூட்டம் கூட்டமாக மக்கள் போய்ப் பார்த்தது ஞாபகம் இருக்கும். அதற்கடுத்த மாதமே மன்னார் வளைகுடாவில் அது பெருகி, தண்ணீரில் ஆக்சிஜன் மிகவும் குறைந்துபோய், மீன்களோடு பவளங்களும் செத்தன. தூத்துக்குடியில் இருக்கும் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் அதைக் கடலுக்குள் இறங்கியே பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள். நாக்டிலுகா நஞ்சை ஊற்றிக் கொல்வதில்லை. பெருகியது மொத்தமாகச் செத்து அழுகும்போது சுற்றியுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடுகிறது, அம்மோனியாவும் வெளிவருகிறது.

ஆனால் இது வெளியூர்க்காரன் இல்லை. பாக் விரிகுடாவில் நாக்டிலுகா பெருகிச் சூடை மீன்பாட்டைக் கெடுத்தது பற்றி 1953-லேயே மண்டபத்திலிருந்து எழுதியிருக்கிறார்கள். ஆகவே பச்சைக் கடல் என்றதும் அந்நியக் கிருமி என்று முடிவு கட்ட வேண்டாம். கேட்க வேண்டிய கேள்வி வேறு: பழைய குடி ஏன் இப்போது இப்படி ஆட்டம் போடுகிறது? அரபிக்கடலில் குளிர்காலத்துப் பாசிப் பெருக்கம் என்றால் முன்பெல்லாம் டயாட்டம் என்ற, மணல்சத்தால் கூடு கட்டிக்கொள்ளும் நுண்பாசிதான். 2000-க்குப் பிறகு அந்த இடத்தை நாக்டிலுகா பிடித்துக்கொண்டது. ஆக்சிஜன் குறைந்த தண்ணீர் மேலே வருவது, இமயமலைப் பனி குறைந்து குளிர்காலக் காற்றின் போக்கு மாறுவது என்று காரணங்களை ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள்.

சூடு எவ்வளவு ஏறியிருக்கிறது? 1951 முதல் 2015 வரை இந்தியப் பெருங்கடலின் வெப்பமண்டலப் பகுதியில் மேல்நீரின் சூடு சராசரியாக 1 டிகிரி செல்சியஸ் கூடியிருக்கிறது என்று மத்திய புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020 அறிக்கை சொல்கிறது. அதே காலத்தில் உலகக் கடல்களின் சராசரி ஏற்றம் 0.7. ஒரு டிகிரிதானே என்று தோன்றும். நமக்கு வெயில் ஒரே நாளில் பத்து டிகிரி ஏறி இறங்குகிறது, கடலில் வாழ்கிற உயிருக்கு அப்படி இல்லை, அது பழகிய வரம்பு குறுகலானது. பவளத்தையே பாருங்கள். அதன் திசுவுக்குள் வாழும் நுண்பாசிதான் அதற்குச் சோறு போடுகிறது. தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டி வாரக்கணக்கில் அப்படியே நின்றால் பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப் போகிறது. மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய வருடங்களில் இது பெரிய அளவில் நடந்தது. பவளம் செத்த பாரில், அதாவது கடலடிப் பாறைத்திட்டில், அடுத்து யார் குடியேறுவார் என்பது யார் அங்கே முதலில் வந்து சேர்கிறார் என்பதைப் பொறுத்தது.

இன்னொன்றும் நடக்கிறது. மேல்நீர் சூடானால் லேசாகி, கீழே இருக்கும் குளிர்ந்த கனமான தண்ணீரின் மேல் மூடி மாதிரி உட்கார்ந்துகொள்ளும். அடியில் இருக்கும் சத்து மேலே வராது. சத்து வந்தால்தான் பெரிய டயாட்டம் வளரும், அதைத் தின்று சாளையும் நெத்திலியும் வளரும். மேற்கு இந்தியப் பெருங்கடலில் மிதக்கும் நுண்பாசி அறுபது ஆண்டுகளில் 20 சதவீதம் வரை குறைந்திருக்கலாம் என்று 2016-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. குறைந்த சத்திலும் பிழைக்கத் தெரிந்தவை, அசைந்து போய் இரை பிடிக்கத் தெரிந்தவை, இவற்றுக்குத்தான் இப்போது காலம்.

சரி, நுண்ணுயிருக்கு உள்ளூர், வெளியூர் என்று உண்டா? ரொம்ப காலம் இல்லை என்றே நினைத்தார்கள். எல்லாமும் எல்லா இடத்திலும் இருக்கிறது, சூழல்தான் பொறுக்கி எடுக்கிறது என்று 1934-ல் டச்சு விஞ்ஞானி பாஸ் பெக்கிங் எழுதினார். கண்ணுக்குத் தெரியாத சைஸில் இருப்பதைக் காற்றும் நீவாடு என்கிற கடல் நீரோட்டமும் எங்கும் கொண்டு போய்விடும் என்பது அந்த எண்ணம். அதை அசைத்த சாட்சி ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவிலிருந்து வந்தது. சிப்பியில் நஞ்சேற்றும் ஜிம்னோடினியம் கேட்டினேட்டம் என்ற டைனோஃப்ளாஜெல்லேட் (சாட்டை மாதிரி வாலை அசைத்து நீந்தும் ஒற்றைச் செல் உயிர்) அங்கே பெருகி, 1986-ல் சிப்பிப் பண்ணைகளை மூட வேண்டி வந்தது. கடலடிச் சேற்றைக் குழாய் போட்டு எடுத்து அடுக்கு அடுக்காகப் பார்த்தார்கள். இந்த உயிர் ஆபத்துக் காலத்தில் கெட்டியான உறைக்குள் சுருண்டுகொள்ளும், அந்த உறைகள் சேற்றில் தங்கும். 1970-களுக்கு முந்தைய அடுக்கில் ஒன்றுகூட இல்லை. அதற்கு மேலே இருந்தது. அந்தச் சமயத்தில்தான் மரச்சில்லு ஏற்றுமதிக்காக ஜப்பான் கப்பல்கள் அங்கே வரத் தொடங்கியிருந்தன. வந்த வழி கப்பலின் பாலஸ்ட் தண்ணீர் என்று ஆராய்ச்சியாளர்கள் முடிவுக்கு வந்தார்கள்.

பாலஸ்ட் என்றால் துறைமுகத்தில் வேலை செய்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்காக: சரக்கை இறக்கிய கப்பல் எடை குறைந்து மேலே எழும்பிவிடும், சுக்கானும் விசிறியும் சரியாக முங்காது, காற்றில் தள்ளாடும். அதனால் அந்தத் துறைமுகத்துக் கடல்நீரையே பம்ப் வைத்து வயிற்றுத் தொட்டிகளில் ஏற்றிக்கொள்ளும். பெரிய கப்பல் என்றால் பல்லாயிரம் டன். அடுத்த துறைமுகத்தில் சரக்கு ஏற்றும்போது அந்தத் தண்ணீரை அங்கே வெளியேற்றும். வழியில் இருட்டிலும் சூட்டிலும் பல உயிர்கள் செத்துவிடும். உறைக்குள் சுருண்டவை தொட்டியின் அடிச்சேற்றில் சும்மா கிடக்கும். ஆஸ்திரேலியாவுக்கு வந்த ஒரு கப்பலின் தொட்டியில் மட்டும் 30 கோடிக்கும் மேலான உறைகள் இருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஸ்வீடன் கரையில் ஃபியோர்டு என்ற குறுகிய கடல்கழி ஒன்றின் சேற்றில் நூறு வருடம் கிடந்த வேறொரு வகை உறை ஆய்வகத்தில் முளைத்திருக்கிறது. காத்திருக்கத் தெரிந்த உயிர்கள் இவை.

இப்போது தூத்துக்குடியை நினைத்துப் பாருங்கள். 1974-ல் பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்டது, 1986 வரை நெல்லை மாவட்டத்தின் துறைமுகம். நிலக்கரி ஏற்றி வரும் கப்பல் பாரத்தோடு வருவதால் இங்கே அதிகம் பாலஸ்ட் விடாது; இறக்கிவிட்டுத் திரும்பும்போது நம் தண்ணீரைத்தான் எடுத்துக்கொண்டு போகும். மாறாக, இங்கிருந்து சரக்கு ஏற்றிப் போக வெறுங்கப்பலாக வருவதுதான் வேறு ஊர்த் தண்ணீரை இங்கே விடும். ஆகையால் எத்தனை கப்பல் வருகிறது என்று எண்ணினால் போதாது, எது வெறுமையாக வருகிறது, எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். நம்மூர் மாதிரியே சூடான, உப்பான துறைமுகத்திலிருந்து வந்த தண்ணீர் என்றால் அதிலிருப்பதற்கு இங்கே பிழைக்க வாய்ப்பு அதிகம். அப்புறம் கப்பலின் அடிப்புறத்தில் ஒட்டி வருவது தனி. தென் அமெரிக்கக் கரையைச் சேர்ந்த ஒரு சிப்பி எண்ணூர் முகத்துவாரத்தில் பரவி, மணலை மூடி, இறால் இருப்பிடத்தையே அழித்துவிட்டதென்று அங்கே மீனவர்கள் போராடுகிறார்கள். காக்கா ஆழி என்கிறார்கள் அதை. அது கண்ணுக்குத் தெரிகிற உயிர், அதனால் பெயர் கிடைத்தது, செய்தியில் வந்தது. அதே வழியில் வரும் நுண்ணுயிரை யார் பார்த்தார்கள்?

இதற்கு உலக அளவில் சட்டம் இருக்கிறது. சர்வதேசக் கடல்சார் அமைப்பின் பாலஸ்ட் ஒப்பந்தம் 2004-ல் எழுதப்பட்டு, 2017 செப்டம்பர் 8-ல்தான் நடைமுறைக்கு வந்தது, 13 வருடம் கழித்து. 50 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவும் அதற்கு மேலும் உள்ள உயிருள்ளவை ஒரு கன மீட்டருக்குப் பத்துக்குள், 10 முதல் 50 மைக்ரான் வரை உள்ளவை ஒரு மில்லிலிட்டருக்குப் பத்துக்குள், காலரா கிருமிக்குத் தனி வரம்பு என்று அளவு வைத்திருக்கிறார்கள். காலராவைச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு: 1991-ல் தென் அமெரிக்காவில் காலரா பரவியபோது, அமெரிக்காவின் அலபாமா கரைச் சிப்பிகளிலும், தென் அமெரிக்காவிலிருந்து வந்த கப்பல்களின் பாலஸ்டிலும் அதே கிருமியைக் கண்டுபிடித்தார்கள். வரம்பு எழுதியது நல்லது. ஆனால் 10 மைக்ரானுக்குக் கீழே இருக்கும் பெரும்பாலான நுண்ணுயிருக்கு இந்த அளவுகளில் இடமே இல்லை. குறிகாட்டியாக இரண்டு மூன்று பாக்டீரியாவை மட்டும்தான் எண்ணுகிறார்கள்.

கப்பல் இல்லாமல் சூடு மட்டுமே வழி திறந்துவிட்ட கதைகளும் உண்டு. நியோடென்டிகுலா என்ற டயாட்டம் வட அட்லாண்டிக்கில் சுமார் 8 லட்சம் வருடங்களுக்கு முன்பே அழிந்துபோனது; பசிபிக்கில் மட்டும் இருந்தது. 1999-ல் அது மறுபடி அட்லாண்டிக்கில் கிடைத்தது. ஆர்க்டிக் பனி உருகி நீர்வழி திறந்ததால் வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். காலராக் கிருமியும் சேர்ந்த விப்ரியோ என்ற பாக்டீரியாக் குடும்பத்துக் கதை இன்னும் நமக்கு நெருக்கம். 2004-ல் அலாஸ்காவில் ஆளி என்ற சிப்பி வகையைச் சாப்பிட்டவர்களுக்கு வயிற்றுப்போக்கு. காரணம் விப்ரியோ பாராஹீமோலிடிகஸ். அந்தக் குளிர்க்கடலில் அது வராது என்றே நினைத்திருந்தார்கள், ஆனால் அந்தக் கோடையில் தண்ணீர் 15 டிகிரிக்கு மேல் ஏறியிருந்தது. 2014 வெப்ப அலையில் ஸ்வீடன், பின்லாந்து கரைகளிலும் விப்ரியோ தொற்று கூடியது. இதே கிருமியின் ஒரு வகை 1996-ல் கொல்கத்தாவில் தலைகாட்டி, தென்கிழக்கு ஆசியா, ஜப்பான், அமெரிக்கா, சிலி வரை போனது. சிலிக்கு, பசிபிக் கடல் சூடேறும் எல் நினோ வந்த 1997-ல் அந்தச் சூடான நீரோடு போயிருக்கலாம் என்ற கருத்து இருக்கிறது. ஆக, நாம் வாங்குகிறவர்கள் மட்டும் இல்லை, அனுப்புகிறவர்களும்தான். வெப்பமண்டலத்துக் கிருமிகளுக்கு உலகம் வடக்கேயும் தெற்கேயும் விரிந்துகொண்டே போகிறது.

நமக்கு இதனால் என்ன என்றால், விப்ரியோ இங்கே ஏற்கனவே இருக்கிறது, இனி வருடத்தில் அதிக நாள் அதற்குச் சௌகரியமாக இருக்கும். இது முதலில் கண்டுபிடிக்கப்பட்டதே 1950-ல் ஜப்பானின் ஒசாகாவில், நம்ம நெத்திலிக் கருவாடு மாதிரி அரைகுறையாகக் காய்ந்த பொடிமீன் சாப்பிட்டு 272 பேர் நோயுற்று 20 பேர் இறந்தபோது. சரியான சூட்டில் இது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். ஒரே ஒரு கிருமி இரண்டு மணி நேரத்தில் நாலாயிரத்தைத் தாண்டும், மூன்று மணி நேரத்தில் இரண்டரை லட்சத்தைத் தாண்டும். சித்திரை வெயிலில் மணலில் கொட்டி ஏலம் விட்டு, ஐஸ் போதாத பெட்டியில் திசையன்விளை, வள்ளியூர், பாளையங்கோட்டை சந்தை வரை வரும் மீனை நினைத்துப் பாருங்கள். ஐஸ் வைத்தால் இந்தப் பெருக்கம் நிற்கிறது, நன்றாக வேகவைத்தால் கிருமி சாகிறது. நாம் குழம்பு கொதிக்க வைக்கிறவர்கள், அந்த வகையில் தப்பிக்கிறோம். ஆனால் பச்சை மீன் அரிந்த பலகையிலேயே வெங்காயம் அரிந்தால் கொதிக்க வைத்தது வீண். கரையிலேயே விலை கட்டுப்படியாகிற ஐஸ் கிடைக்க ஏற்பாடு செய்வது மீனவர் நலன் மட்டும் இல்லை, ஊர் முழுக்க வயிறு சம்பந்தப்பட்டது என்று அரசு நினைக்க வேண்டும்.

அதே குடும்பத்தில் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்று ஒன்று, காயத்தின் வழியே உள்ளே போகும். உப்பு குறைந்த சூடான தண்ணீர் அதற்கு ரொம்பப் பிடிக்கும். 2022-ல் ஃப்ளோரிடாவில் இயன் சூறாவளி வெள்ளத்துக்குப் பிறகு அங்கே இந்தத் தொற்று சட்டென்று கூடியது. நம் பக்கம் 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டி, தாமிரபரணி புன்னைக்காயலில் கடலை நிரப்பியதே, அப்படிப்பட்ட நாட்களில் முகத்துவாரத்துத் தண்ணீரில் காலில் வெட்டுக்காயத்தோடு இறங்க வேண்டாம். சர்க்கரை நோயும் ஈரல் கோளாறும் உள்ளவர்களுக்கு இது கட்டாயம். காயம் பட்டு சில மணி நேரத்தில் வீங்கிச் சிவந்து கொப்புளித்தால் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய், கடல்தண்ணீர் பட்டது என்று டாக்டரிடம் சொல்லுங்கள். அந்த ஒரு தகவல் மருந்தையே மாற்றும்.

வேகவைத்தால் போகாத ஆபத்து ஒன்று உண்டு, அதைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். சில டைனோஃப்ளாஜெல்லேட்டுகள் உண்டாக்கும் சாக்ஸிடாக்சின் என்ற நஞ்சு மட்டியிலும் சிப்பியிலும் சேரும். சிப்பிக்கு ஒன்றும் ஆகாது, தின்றவருக்கு உதடு மரத்து, கை கால் மரத்து, மூச்சுத் தசை நின்றுபோகும். கொதிக்க வைத்தாலும் நஞ்சு போகாது. 1981-ல் கல்பாக்கம் பக்கம் வயலூரில் மட்டி சாப்பிட்டு உயிர்கள் போயின. 1997-ல் கேரளத்து விழிஞ்ஞத்தில் சிப்பி சாப்பிட்டு 7 பேர் இறந்தார்கள், நூற்றுக்கணக்கானோர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். விழிஞ்ஞம் கூடங்குளத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று நமக்குத் தெரியும். கடல் நிறம் மாறியிருக்கும் வாரங்களில் மட்டி, சிப்பி வேண்டாம்; மீனைக் குடல் நீக்கிச் சாப்பிடுவதற்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கிறது, ஏனென்றால் சிப்பியை நாம் குடலோடுதான் சாப்பிடுகிறோம்.

கூடங்குளம் பற்றியும் கேட்பார்கள். கடற்கரை மின் நிலையங்கள் வெளியே விடும் குளிர்விப்பு நீர், கடல்நீரைவிட 7 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கக் கூடாது என்பது விதி. அந்தச் சூடு வாய்க்கால் முகத்தைச் சுற்றிய இடத்தில் மட்டும்தான், பெருங்கடல் சூடாவதற்கு அது காரணம் இல்லை. ஆனால் வெளியூர்ச் சூட்டுப்பிரியர்கள் முதலில் கால் ஊன்ற அப்படிப்பட்ட இடம் தோதாக இருக்கும். அதனால் அங்கே என்ன வாழ்கிறது என்று தொடர்ந்து பார்த்து மக்களுக்குச் சொல்ல வேண்டும் என்று கேட்பது யாருக்கும் எதிரான பேச்சில்லை. வரும் வழி இன்னொன்றும் உண்டு. 2025 மே மாதம் கொச்சிக்கு வெளியே எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் மூழ்கிச் சிதறிய பிளாஸ்டிக் மணிகள் கன்னியாகுமரிக் கரை வரை ஒதுங்கின. ஐரோப்பாவின் வட கடலிலும் பால்டிக் கடலிலும் மிதக்கும் பிளாஸ்டிக் துணுக்குகளில் விப்ரியோ ஒட்டியிருப்பதைக் கண்டிருக்கிறார்கள், ஆகவே இந்த மணிகளும் ஒரு வாகனம்தான்.

என் பார்வை இதுதான்: கடலின் சூட்டை உவரியிலோ தூத்துக்குடியிலோ உட்கார்ந்து நம்மால் குறைக்க முடியாது, அது உலகம் முழுக்க எரிக்கும் கரியைப் பொறுத்தது. வரும் வழியைக் காக்க முடியும். அதற்கு நம்மிடமே உதாரணம் இருக்கிறது. 2009-ல் வன்னாமி என்ற வெளிநாட்டு இறாலை வளர்க்க அனுமதித்தபோது, வெளிநாட்டுத் தாய் இறால்கள் எல்லாம் சென்னை நீலாங்கரைத் தனிமைப்படுத்தும் மையத்தில் சோதிக்கப்பட்டுத்தான் வெளியே போக வேண்டும் என்று வைத்தார்கள். 1994 முதல் வெள்ளைப்புள்ளி நோயில் பண்ணைகள் பட்ட அடிதான் அந்தப் புத்தியைக் கொடுத்தது. நோய் முழுக்க நின்றுவிடவில்லை, ஆனால் ஒரு வாசல், ஒரு காவல் என்ற முறை வந்தது. இறாலுக்குச் செய்ததைக் கப்பல் தண்ணீருக்கும் செய்யலாமே.

காவல் காக்க, வீட்டில் முன்பு யார் இருந்தார்கள் என்ற கணக்கு வேண்டும். அதுதான் நம்மிடம் இல்லாத பெரிய சொத்து. பிரிட்டனில் அலிஸ்டர் ஹார்டி என்ற கடல் விஞ்ஞானி தொடங்கிய முறையில் 1931 முதல் சரக்குக் கப்பல்களுக்குப் பின்னால் ஒரு கருவியைக் கட்டி இழுத்து, மிதவை உயிர்களைப் பட்டுத்துணியில் பிடித்துச் சேர்த்து வைக்கிறார்கள். அந்தக் காலத்தில் டி.என்.ஏ. சோதனை என்ற ஒன்றே கிடையாது. பல பத்தாண்டு கழித்து அந்தப் பழைய துணிகளிலிருந்தே டி.என்.ஏ. எடுத்து, தண்ணீர் சூடாகச் சூடாக வட அட்லாண்டிக்கில் விப்ரியோ கூடிவந்ததை நிரூபித்தார்கள். அன்றைக்கு எடுத்து வைத்தவருக்கு இது தெரிந்திருக்காது, எடுத்து வைத்தார், அவ்வளவுதான்.

இங்கே ஆள் இல்லையா? தூத்துக்குடியில் 1977 முதல் மீன்வளக் கல்லூரி இருக்கிறது, மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல நிலையம் இருக்கிறது, மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துக்கு ராஜாக்கமங்கலத்தில் கடல் அறிவியல் மையம் இருக்கிறது. துறைமுகப் படுகை, புன்னைக்காயல் முகத்துவாரம், மணப்பாடு, உவரி, இடிந்தகரை என்று ஐந்தாறு இடத்தில் மாதம் ஒருமுறை தண்ணீரும் ஒரு பிடிச் சேறும் எடுத்து, சூடும் உப்பும் அளந்து எழுதி, பாதியைச் சோதித்து, மீதியைக் குளிர்பெட்டியில் வைப்பதற்குப் பெரிய செலவு ஆகாது. பங்களாதேஷில் அமெரிக்க விஞ்ஞானி ரீட்டா கால்வெல் குழுவினர் பழைய சேலையைப் பல மடிப்பாக மடித்து அதன் வழியே குடிநீரை வடிகட்டச் சொன்னார்கள். காலராக் கிருமி ஒட்டியிருக்கும் மிதவை உயிர்கள் துணியில் சிக்கி, நோய் பாதியளவு குறைந்தது என்று 2003-ல் எழுதினார்கள். கடலைப் படிக்க எப்போதும் பெரிய கப்பல் தேவைப்படுவதில்லை.

கடலுக்குப் போகிறவர்களையும் இதில் சேர்க்க வேண்டும். தண்ணீர் நிறம் மாறினால், வலையில் வழவழப்பு ஒட்டினால், புதுசாக ஒரு வாடை வந்தால், வழக்கத்துக்கு மாறாகச் சொறி என்கிற இழுதுமீன் பெருகினால் முதலில் தெரிவது அவர்களுக்குத்தான். ஒரு பாட்டிலில் அந்தத் தண்ணீரைப் பிடித்து, எந்த இடம், என்ன காற்று, நீவாடு எந்தப் பக்கம், எத்தனை பாகம் ஆழத்தில் என்று குறித்துக் கொடுத்தால் எந்த ஆய்வகமும் வேண்டாம் என்று சொல்லாது. பதிலுக்கு ஆய்வகங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. முடிவு வந்ததும் ஆங்கிலச் சஞ்சிகைக்கு அனுப்புவதற்கு முன்னால், அந்த ஊர்க் கமிட்டிக்கு ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி அனுப்புங்கள்: இது என்ன உயிர், பழசா புதுசா, இந்த வாரம் மட்டி எடுக்கலாமா கூடாதா.